போஸ்ட்கிரெஸ்: பட்ட பாட்டைச் சொல்லுங்கள்

நானே தொடங்குகிறேன். ஒரு மொத்த வியாபாரக் கடையின் பில் கணக்கு முழுக்க போஸ்ட்கிரெஸ் என்ற டேட்டாபேஸ் மென்பொருளில்தான். லினக்ஸ் பழசாகிவிட்டதென்று ஒரு சனிக்கிழமை ராத்திரி சர்வரைப் புதிய பதிப்புக்கு ஏற்றினேன். டேட்டாபேஸைத் தொடவே இல்லை. திங்கள் காலை போன்: "சார், போன மாசம் போட்ட பில்லைத் தேடினா இல்லைங்குது."

பில் இருக்கிறது. எண்ணைக் கொடுத்தால் வராது; டேபிள் முழுவதையும் ஓடவிட்டால் வருகிறது. மண்டை காய்ந்துபோனது.

விஷயம் இதுதான். சொற்களை எந்த வரிசையில் அடுக்குவது என்பதை எங்கள் போஸ்ட்கிரெஸ் லினக்ஸின் அடிப்படை நிரல் தொகுப்பான ஜிலிப்சியிடம் கேட்டுக்கொள்ளும். 2018இல் வந்த ஜிலிப்சி 2.28 அந்த விதியை மாற்றியது. முன்பு "11" முதலில், "1-1" பிறகு, இப்போது தலைகீழ். எங்கள் பில் எண்கள் எல்லாமே நடுவில் கோடு போட்டவை! பழைய வரிசையில் கட்டிய இன்டெக்ஸில் (தேடலுக்கான அட்டவணை) புதிய வரிசைப்படி தேடினால் எங்கே கிடைக்கும்? அதைப் புதிதாகக் கட்ட ரீஇன்டெக்ஸ் போட்டேன், அதுவும் மறுத்தது. அதற்குள் ஒரே எண்ணில் இரண்டு பில் புகுந்திருந்தன. ஒரே எண் இரண்டு முறை வராமல் தடுக்கும் யூனிக் என்ற காவல் அந்த இன்டெக்ஸை நம்பித்தானே நிற்கிறது. இரட்டைகளைப் பிடித்துத் திருத்திய பிறகுதான் ஏறியது. தப்பு என்னுடையது, முன்னெச்சரிக்கைக் குறிப்பைப் படிக்கவில்லை.

* * *

அண்ணா, 2024இல் வந்த 17ஆம் பதிப்பில் வரிசை விதியை உள்ளேயே வைத்துக்கொள்ளலாம், லினக்ஸ் மாறினாலும் கவலையில்லை. ஆனால் அது யூனிகோட் ஒவ்வொரு எழுத்துக்கும் கொடுத்த எண்ணின் வரிசை. நம் பெயர்ப் பட்டியலுக்குப் போட்டுப் பார்த்தேன்: ன, ந-வுக்கும் ப-வுக்கும் நடுவில் போய் உட்கார்ந்துகொண்டது. ற, ர-வுக்குப் பக்கத்தில். நான் ஐசியூ என்ற பன்மொழி நிரல் தொகுப்பின் தமிழ் வரிசைக்கே திரும்பிவிட்டேன். இன்னொன்று: "தமிழ்" என்பதன் நீளம் கேட்டால், இகரக் குறியையும் புள்ளியையும் தனித்தனியே எண்ணி 5 என்கிறது, பைட்டில் 15. பெயருக்கு வார்கேர் 20, அதாவது அதிகபட்சம் 20 குறி, என்று ஒதுக்கியிருந்த நாங்கள் பட்ட அவஸ்தை தனிக்கதை.

* * *

நான் பிழை பார்த்தவனல்ல, போஸ்ட்கிரெஸுக்கே திருத்தம் அனுப்பியவன். ஆவணத்தில் மூன்று வரி, அவ்வளவுதான். நிரல் பகிரும் தளமான கிட்ஹப்பில் இருப்பது வெறும் நகல் என்று தெரியாமல், திருத்தத்தை ஏற்கக் கோரும் புல் ரிக்வெஸ்ட் பொத்தானைத் தேடிக்கொண்டிருந்தேன். மாற்றங்களை மட்டும் காட்டும் பேட்ச் கோப்பை மின்னஞ்சலில் இணைத்து அனுப்ப வேண்டும். திருத்தங்களைப் பரிசீலிக்கும் பட்டியலான கமிட்ஃபெஸ்ட்டில் பதிந்து, யாராவது படிக்கும்வரை காத்திருக்க வேண்டும். என் மூன்று வரி நான்காவது வடிவத்தில்தான் உள்ளே போனது. ஒரு காற்புள்ளிக்காகவே ஒருவர் இரண்டு பத்தி எழுதியிருந்தார். அப்போது எரிச்சலாக இருந்தது. இப்போது அந்த ஆவணத்தைத் திறக்கும்போதெல்லாம் அந்த ஆளைத்தான் நினைக்கிறேன்.

முதலில் எழுதியவருக்கு: ஏற்றியதும் ஏஎம்செக் என்ற சோதனைக் கருவியை ஓட்டிப் பார்க்கவில்லையா? இன்டெக்ஸ் கோணலை அதுவே காட்டியிருக்குமே.

* * *

அந்தப் பெயரையே செவ்வாய்க்கிழமைதான் கேள்விப்பட்டேன்.