பழைய டெஸ்க்டாப்பில் 4 டெராபைட் டிஸ்க்: பவர் கனெக்டர் இல்லை, பயாஸும் பழசு

முருங்கைக்கிளை:
2010 வாக்கில் வந்த டெஸ்க்டாப். கணினியைத் துவக்கும் புது மென்பொருளான யுஇஎஃப்ஐ கிடையாது, அதற்கு முந்தைய பயாஸ்தான். 500 ஜிபி டிஸ்க்கில் விண்டோஸ் 10 ஓடுகிறது. போட்டோ, வீடியோ போட்டுவைக்க 4 டெராபைட் 3.5 இன்ச் டிஸ்க் சேர்க்க வேண்டும். மதர்போர்டில் டிஸ்க் கேபிள் மாட்டும் சாட்டா போர்ட் இரண்டு காலி. ஆனால் 300 வாட் எஸ்எம்பிஎஸ்ஸில் (மின்சாரம் கொடுக்கும் பெட்டி) இருக்கும் சாட்டா பவர் கனெக்டர் இரண்டும் பழைய டிஸ்க்குக்கும் டிவிடி டிரைவுக்கும் போய்விட்டது. பழைய வகை நாலு பின் மோலெக்ஸ் பவர் கனெக்டர் ஒன்றுதான் மிச்சம். 300 வாட் தாங்குமா? 4 டெராபைட்டும் முழுசாகத் தெரியுமா? பயாஸில் சாட்டா மோட் ‘ஐடிஇ’ என்ற பழைய முறையில் இருக்கிறது, புது முறையான ஏஹெச்சிஐக்கு மாற்றணுமா?

ஈயப்பற்று:
கடைசிக் கேள்விக்கு முதலில்: மாற்றாதீர்கள். ஐடிஇ மோடில் நிறுவிய விண்டோஸ், மோடை மாற்றியதும் நீலத்திரையோடு நின்றுவிடும். கோப்பு சேமிக்கிற டிஸ்க்குக்கு அதனால் பெரிய லாபமும் இல்லை. போர்ட் சாட்டா 2 என்றாலும் கவலை வேண்டாம், அது நொடிக்குச் சுமார் 300 எம்பி கொடுக்கும். சுழலும் டிஸ்க் அந்த அளவை எட்டாது.

300 வாட் தாங்கும். டிஸ்க் சுழல ஆரம்பிக்கும் சில நொடிகளுக்கு 12 வோல்ட்டில் ஏறக்குறைய 2 ஆம்பியர் இழுக்கும், பிறகு பத்து வாட்டுக்கும் கீழே வந்துவிடும். பெரிய கிராபிக்ஸ் கார்டு இருந்தால் மட்டும் யோசிக்கணும்.

நிஜமான ஆபத்து மோலெக்ஸ்-டு-சாட்டா அடாப்டரில். சாட்டா முனையின் பின்பக்கத்தைப் பாருங்கள். வயர்கள் ஒரே கட்டியாக வார்த்த பிளாஸ்டிக்குக்குள் மறைந்து போகிறதா? வேண்டாம். உள்ளே மஞ்சளும் கருப்பும் நெருங்கி ஷார்ட் ஆனால் பிளாஸ்டிக் உருகும், தீயும் பிடிக்கும். ஒவ்வொரு வயரும் தனித்தனிப் பள்ளத்தில் அழுந்தி உட்கார்ந்து, மேலே ஒரு மூடி கிளிப் போட்டிருக்கிற வகைதான் நல்லது.

இன்னொரு வழி: டிவிடி டிரைவின் சாட்டா பவரை எடுத்துப் புது டிஸ்க்குக்குக் கொடுங்கள். அடாப்டரை டிவிடிக்கு மாட்டுங்கள், எப்போதாவதுதானே ஓடுகிறது.

பிட்டுக்குப்பிட்டு:
மேலே சொன்ன மாற்றில் ஒரு விதிவிலக்கு. வெளி யுஎஸ்பி பெட்டியைப் பிரித்து எடுத்த டிஸ்க் என்றால், நேரடி சாட்டா பவரில் சுழலாமலே கிடக்கலாம். ஆரஞ்சு வயரில் வரும் 3.3 வோல்ட்டைச் சில டிஸ்க்குகள் ‘அணைந்திரு’ என்று எடுத்துக்கொள்ளும். மோலெக்ஸில் ஆரஞ்சு வயரே கிடையாது, அடாப்டர் வழியாகக் கொடுத்தால் ஓடும்.

அளவு விஷயம். பழைய பயாஸிலிருந்து பூட் ஆக, அதாவது விண்டோஸ் துவங்கத்தான், 2 டெராபைட் தடை. பூட் 500 ஜிபியிலேயே இருக்கட்டும், புதியதை ஜிபிடியாக (டிஸ்க்கைப் பிரிக்கும் புது முறை, பழையது எம்பிஆர்) பிரித்தால் விண்டோஸ் 10 முழுசையும் காட்டும். விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்டைத் திறந்ததும் எம்பிஆரா ஜிபிடியா என்று கேட்கும். கேட்காவிட்டால் ‘டிஸ்க் 1’ என்ற சாம்பல் கட்டத்தில் ரைட் கிளிக், இனிஷியலைஸ். எந்த டிஸ்க் என்று அளவைப் பார்த்து உறுதி செய்துகொண்டு அழுத்துங்கள். ஏற்கெனவே டேட்டா இருக்கிற டிஸ்க்கை இனிஷியலைஸ் பண்ணவே கூடாது. பிறகு நியூ சிம்பிள் வால்யூம், என்டிஎஃப்எஸ், குவிக் ஃபார்மேட்.

சரியாக வந்தால் 3726 ஜிபி தெரியும். 2048 ஜிபியும், பயன்படுத்த முடியாத 1678 ஜிபியும் தனித்தனியாகத் தெரிந்தால் எம்பிஆர் போட்டுவிட்டீர்கள். காலி டிஸ்க்தானே, ஜிபிடிக்கு மாற்றிவிடலாம். மொத்தமே 1678 ஜிபி என்றால் வேறு கதை: பழைய ஸ்டோரேஜ் டிரைவர் (டிஸ்க்கை இயக்கும் மென்பொருள்) 2 டெராபைட்டுக்கு மேல் எண்ணத் தெரியாமல் திரும்ப ஒன்றிலிருந்து எண்ணுகிறது. டிரைவரை மாற்றும்வரை ஒரு கோப்பும் எழுதாதீர்கள்.

முருங்கைக்கிளை:
அடாப்டர் டிவிடிக்கு, நேரடி பவர் டிஸ்க்குக்கு. டிஸ்க் சுழல்கிறது, ஆனால் விண்டோஸே வரவில்லை. ‘ரீபூட் அண்ட் செலக்ட் ப்ராப்பர் பூட் டிவைஸ்’ என்று நிற்கிறது. டிவிடி டிரைவின் ஸ்க்ரூ நாலில் இரண்டுதான் டிஸ்க்கில் ஏறுகிறது.

ஈயப்பற்று:
ஏறின இரண்டையும் உடனே கழற்றுங்கள். டிவிடிக்கு எம்3 அளவு ஸ்க்ரூ, மரை நெருக்கமாக இருக்கும், 3.5 இன்ச் டிஸ்க்குக்கு 6-32 அளவு, மரை அகலம். பலவந்தமாக முறுக்கினால் டிஸ்க்கின் மரைதான் போகும். கேபினெட் மூடியில் பெரும்பாலும் 6-32 தான் இருக்கும், அதை எடுத்துக்கொள்ளலாம், நீளமானதைத் தவிருங்கள்.

பூட் பிரச்சினை: புது டிஸ்க்கைப் பார்த்ததும் பயாஸ் அதை வரிசையில் முதலாவதாக வைத்திருக்கும். பூட் மெனுவில் ‘ஹார்ட் டிஸ்க் டிரைவ்ஸ்’ என்று தனிப் பட்டியல் இருக்கும், பூட் டிவைஸ் பிரையாரிட்டிக்கு வெளியே. அதில் 500 ஜிபியை மேலே ஏற்றி, எஃப்10 அழுத்திச் சேமியுங்கள். பட்டியலில் பழைய டிஸ்க்கே இல்லையென்றால் புதியதை மாட்டும்போது அதன் கேபிளில் கை பட்டு நழுவியிருக்கும். கிளிப் இல்லாத பழைய சாட்டா கேபிளுக்கு அது வழக்கம்.