கோன் ஃபில்டர் போட்டதிலிருந்து பி0171 கோளாறு எண் வருகிறது, ஓ2 சென்சார் மாற்றலாமா?

மாரத்தஹள்ளி_குமார்: பெங்களூரில் இருக்கும் கார் பைத்தியங்களுக்கு ஒரு சந்தேகம். என்னுடையது பழைய பெட்ரோல் செடான், எஞ்சினுக்குள் போகும் காற்றை அளக்கும் மாஸ் ஏர்ஃப்ளோ சென்சார் உள்ள வண்டி. ஜே.சி. ரோடு பக்கம் ஒரு கடையில் கம்பெனி ஃபில்டர் பாக்ஸைக் கழற்றிவிட்டு அலுமினியக் குழாயும் எண்ணெய் தடவிய கோன் ஃபில்டரும் (கூம்பு வடிவக் காற்று ஃபில்டர்) போட்டார்கள். சத்தம் அருமை, ஆனால் கொஞ்ச நாளிலேயே செக் எஞ்சின் லைட் வந்துவிட்டது. ப்ளூடூத் ஸ்கேனரில் பார்த்தால் பி0171, அதாவது காற்றுக்கு ஏற்ற பெட்ரோல் இல்லை என்ற கோளாறு எண். சில்க் போர்டு நெரிசலில் ஏசியோடு நின்றால் ஐடிலிங் ஏறி இறங்கி ஆஃப் ஆகிவிடும்போல இருக்கிறது. கடையில் கேட்டால் பேட்டரி வயரைக் கழற்றி மாட்டச் சொன்னார்கள், லைட் போய் மறுபடியும் வந்தது. இன்னொரு மெக்கானிக் புகைக்குழாயில் ஆக்ஸிஜனைப் பார்க்கும் ஓ2 சென்சாரை மாற்றச் சொல்கிறார். என்ன செய்யலாம்?

ஓசூர்_அண்ணாச்சி: தம்பி, காசைச் செலவு பண்ணாதீங்க. எஞ்சினுக்குள் காற்று அதிகம், பெட்ரோல் குறைவு என்று ஓ2 சென்சார் உள்ளதைச் சொல்கிறது, அதையே குற்றவாளி ஆக்கினால் எப்படி? பேட்டரியைக் கழற்றினால் ஈசியூவின் (எஞ்சின் கம்ப்யூட்டர்) நினைவுதான் அழியும், கோளாறு அப்படியேதான் இருக்கும். எஞ்சின் சூடானதும் லாங் டேர்ம் ஃப்யூவல் ட்ரிம் (ஈசியூ வழக்கமாகக் கூட்டியோ குறைத்தோ விடும் பெட்ரோலின் சதவீதம்) எவ்வளவு என்று ஐடிலிலும் 2500 ஆர்பிஎம்மிலும் பார்த்துச் சொல்லுங்க.

மாரத்தஹள்ளி_குமார்: ஐடிலில் +19, 2500-ல் +5.

ஓசூர்_அண்ணாச்சி: அப்போ த்ராட்டிலுக்கு (காற்றைத் திறந்து மூடும் தகடு) அப்பால்தான் சென்சார் கணக்கில் வராத காற்று நுழைகிறது. ஐடிலில் எஞ்சின் இழுக்கும் காற்றே கொஞ்சம், சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துவிடும் மேனிஃபோல்டில் வெற்றிடமும் அதிகம், அதனால் சின்ன கசிவும் பெரிதாகத் தெரியும். ஆக்ஸிலேட்டர் கொடுத்தால் அது கரைந்துபோகும். இதுவே தலைகீழாக, ஓட ஓட ட்ரிம் ஏறினால் ஏர்ஃப்ளோ சென்சாரில் அழுக்கா, பெட்ரோல் பம்ப் பலவீனமா என்று பார்க்க வேண்டும். இப்போ பானெட்டைத் திறங்க. வால்வ் கவரிலிருந்து பழைய ரப்பர் குழாய்க்குப் போன ப்ரீதர் ஹோஸ் (எஞ்சின் மூச்சுவிடும் குழாய்) என்ன ஆச்சு?

மாரத்தஹள்ளி_குமார்: அந்த இடத்தில் காளான் மாதிரி ஒரு குட்டி ஃபில்டரைச் சொருகியிருக்கிறார்கள். புதுக் குழாயில் அதற்குத் துளையே இல்லை.

ஓசூர்_அண்ணாச்சி: அதுதான் ஆள். பிசிவி வால்வு எஞ்சினின் அடிப்பகுதியான கிராங்க்கேஸிலிருந்து காற்றையும் வாயுவையும் மேனிஃபோல்டுக்கு இழுத்துக்கொண்டே இருக்கும். முன்பு அதற்கு ஈடான காற்று, சென்சார் அளந்த காற்றிலிருந்து போனது. இப்போது குட்டி ஃபில்டர் வழியாக வெளிக்காற்று அளவில்லாமல் உள்ளே போகிறது. ஐடிலில் பிசிவி ஹோஸை இடுக்கியால் மெல்ல நசுக்கிப் பாருங்க, ஷார்ட் டேர்ம் ட்ரிம் (அந்தந்த நொடித் திருத்தம்) சட்டென்று இறங்கணும். கார்ப் கிளீனரை அடித்துக் கசிவு தேடச் சொல்வார்கள், சூடான எஞ்சினில் வேண்டாம், தீப்பிடிக்கும்.

சென்னை2பெங்களூர்: அண்ணாச்சி சொன்னதோடு ஒன்று. ஃபில்டரில் எண்ணெய் அதிகம் இருந்தால் ஏர்ஃப்ளோ சென்சாரின் சூட்டுக் கம்பியில் படிந்து காற்றைக் குறைத்துக் காட்டும். அதற்கென்றே விற்கும் கிளீனரை மட்டும் அடிங்க, கம்பியை விரலாலோ துணியாலோ தொடவே கூடாது. அப்புறம், புதுக் குழாய் பழையதைவிட அகலமா? அகலமானால் அதே காற்று மெதுவாகப் போகும், சென்சார் ஏமாறும்.

மாரத்தஹள்ளி_குமார்: நசுக்கியதும் இறங்கியது! குழாயில் சென்சாருக்கும் த்ராட்டிலுக்கும் நடுவே நிப்பிள் வைத்து ப்ரீதரை இணைத்தாச்சு, ஐடிலிங் ஊசி அசையவில்லை. லாங் டேர்ம் இரண்டு இடத்திலும் +6 பக்கம். குழாய் ஒரு சுற்று அகலம்தான்.

ஓசூர்_அண்ணாச்சி: மிச்சமிருக்கும் +6 அந்த அகலத்தால் இருக்கலாம், ஈசியூ சமாளித்துக்கொள்ளும். பத்தைத் தாண்டினால் பார்ப்போம். ஆனால் கோன் திறந்தபடி எஞ்சின் சூட்டிலேயே மூச்சு விடுகிறது, இந்த ஊர் டிராஃபிக்கில் பவர் கூடும் என்று எதிர்பார்க்காதீங்க. பழைய பாக்ஸ் கையில் இருக்கா?

மாரத்தஹள்ளி_குமார்: டிக்கியில் கிடக்கிறது அண்ணா. சத்தத்துக்காக இன்னும் கொஞ்ச நாள்.