ஒன்று, இரண்டு, மூன்று: ஒரே அறையில்

தொடக்கக் கல்விப் பட்டயப் படிப்பில், நாமே பாடம் நடத்தப் போவதற்கு முன்னால் பள்ளியில் உட்கார்ந்து வகுப்பை உற்றுநோக்க வேண்டும். எனக்குக் கிடைத்தது திருவண்ணாமலை மாவட்டத்தில் ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி. ஈராசிரியர் பள்ளி. நான்காம், ஐந்தாம் வகுப்புகள் தலைமை ஆசிரியரிடம். ஒன்று முதல் மூன்று வரை எல்லாப் பிள்ளைகளும் ஒரே அறையில், ஒரே டீச்சரிடம். நான் உட்கார்ந்தது அந்த அறையில்தான்.

கொரோனாவில் பள்ளிகள் மூடிக் கிடந்து பிள்ளைகள் எழுத்தையும் எண்ணையும் விட்டுவிட்டதால் 2022 ஜூனில் 'எண்ணும் எழுத்தும்' திட்டம் வந்தது. அதன்படி முதல் மூன்று வகுப்புப் பிள்ளைகளை, அவர்கள் எந்த அளவுக்குக் கற்றிருக்கிறார்கள் என்று பார்த்து அரும்பு, மொட்டு, மலர் எனப் பிரிப்பார்கள். மூன்றாம் வகுப்புப் பிள்ளை அரும்பிலும் இருக்கலாம். ஒரு மூலையில் எழுத்து அட்டை, இன்னொரு பக்கம் சொற்கள், ஜன்னலோரம் பத்தி வாசிப்பு. மூன்றுக்கும் நடுவே டீச்சர் நகர்ந்துகொண்டே இருப்பார். அந்த அறையில் அவர் நாற்காலியில் உட்கார்ந்து நான் அதிகம் பார்க்கவில்லை.

எங்களிடம் கொடுத்த உற்றுநோக்கல் பதிவேட்டில் ஆர்வமூட்டல், பாட அறிமுகம், வினா கேட்டல், கரும்பலகைப் பயன்பாடு, துணைக்கருவி, மதிப்பீடு என்று கட்டங்கள் இருந்தன. எல்லாமே ஆசிரியர் என்ன செய்கிறார் என்பதைப் பற்றியவை. பிள்ளை என்ன செய்கிறது என்று எழுத இடமே இல்லை. எனக்கு அது பெரிய குறையாகப் படுகிறது. காரணம் சொல்கிறேன்.

இரண்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி ஒரு பக்கத்தைத் தடையில்லாமல் வாசித்தாள். ஏற்ற இறக்கத்தோடு, கேட்கவே நன்றாக இருந்தது. டீச்சர் அவள் பின்னால் போய் நின்றார். அவள் வாய் ஐந்தாவது வரியில் இருந்தபோது விரல் மூன்றாவது வரியில் இருந்தது. பக்கம் முழுக்க மனப்பாடம்! டீச்சர் அதட்டவில்லை. படத்தைக் கையால் மறைத்துக்கொண்டு, "இதுல 'மரம்' எங்க இருக்கு, காட்டு பாப்பா" என்றார். அவளுக்குத் தெரியவில்லை. அன்று அவளுக்கு அதே பக்கத்தின் சொற்கள் தனித்தனி அட்டைகளாகக் கைக்கு வந்தன. அவளை வாயால் மட்டும் மதிப்பிட்டிருந்தால் நன்றாக வாசிக்கிறாள் என்று குறித்துவிட்டு அடுத்த பிள்ளைக்குப் போயிருப்பார்கள்.

கணக்கு வகுப்பில் நடந்ததை விரிவாகவே சொல்ல வேண்டும். மூன்றாம் வகுப்புப் பையன் 42-இலிருந்து 17-ஐக் கழித்து 35 என்று எழுதியிருந்தான். பக்கத்துப் பிள்ளைகள் "தப்பு மிஸ், தப்பு" என்று கத்தினார்கள். டீச்சர் தப்பு என்றும் சொல்லவில்லை, சரி என்றும் சொல்லவில்லை. "எப்படிப் போட்ட, சொல்லு கண்ணு" என்றார்.

"ஏழுல ரெண்டு போனா அஞ்சு. நாலுல ஒண்ணு போனா மூணு."

பெரிய எண்ணிலிருந்து சின்ன எண்ணை எடுக்க வேண்டும் என்று முன்பு கற்றதை அவன் ஒழுங்காகக் கடைப்பிடித்திருக்கிறான். கவனமில்லாமல் போட்ட விடை அல்ல அது. டீச்சர் ஈர்க்குச்சிக் கட்டுகளை எடுத்து வந்தார். பத்துப் பத்தாக ரப்பர் பேண்ட் போட்ட நான்கு கட்டு, இரண்டு உதிரி. "எனக்குப் பதினேழு குச்சி குடு."

ஒரு கட்டைக் கொடுத்தான். உதிரி இரண்டையும் கொடுத்தான். இன்னும் ஐந்து வேண்டும், கையில் உதிரி இல்லை. அப்படியே நின்றான். டீச்சரும் பேசாமல் நின்றார். "கட்ட அவுருடா" என்று சொல்ல வாயெடுத்த பிள்ளையைக் கையமர்த்தினார். அமெரிக்காவில் மேரி பட் ரோ என்ற ஆய்வாளர் 1970-களில் வகுப்பறைகளைப் பற்றி எழுதியதைப் படித்திருந்தேன். பெரும்பாலான ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டு ஒரு நொடி அளவே பொறுக்கிறார்கள், மூன்று நொடிக்கு மேல் பொறுத்தால் பதில் நீள்கிறது, வழக்கமாக வாய் திறக்காத பிள்ளைகளும் பேசுகிறார்கள் என்று அவர் கண்டிருந்தார். இங்கே அதைவிட எவ்வளவோ அதிக நேரம் போனது. பார்த்துக்கொண்டிருந்த எனக்கே தாங்கவில்லை. பிறகு அவனாகவே ஒரு கட்டின் ரப்பர் பேண்டைக் கழற்றி, ஐந்து எண்ணிக் கொடுத்தான். மீதம் இரண்டு கட்டு, ஐந்து உதிரி. "இருபத்தஞ்சு மிஸ்" என்றவன், யாரும் சொல்லாமலே சிலேட்டில் இருந்த 35-ஐ அழித்தான்.

'கடன் வாங்குதல்' என்ற பேச்சே அதுவரை வரவில்லை. அதற்கப்புறம்தான் கரும்பலகையில் 4-ஐ அடித்து மேலே 3 எழுதி, "ஒரு கட்ட அவுத்தாச்சு. இப்ப மூணு கட்டு, பன்னெண்டு உதிரி" என்று காட்டினார். 61-இலிருந்து 34 போடச் சொன்னபோது அவன் மறுபடி குச்சியைத்தான் தேடினான், டீச்சரும் தடுக்கவில்லை. மறுநாள் நோட்டில் குச்சிக்குப் பதிலாகக் கோடு போட்டுக்கொண்டான். ஒன்றாம் வகுப்புப் பிள்ளை ஒன்று இதையெல்லாம் பார்த்துக்கொண்டே இருந்து, மதியம் கட்டுகளை அவிழ்ப்பதும் பத்து எண்ணித் திரும்பக் கட்டுவதுமாக விளையாடிக்கொண்டிருந்தது. மூன்று வகுப்பும் ஒரே அறையில் இருப்பதில் இந்த ஒரு நன்மை உண்டு என்று ஒப்புக்கொள்கிறேன்.

மற்றபடி அந்த ஏற்பாட்டை என்னால் பாராட்ட முடியாது. 2009 கல்வி உரிமைச் சட்டப்படி, அறுபது பிள்ளைகள் வரை இருக்கும் தொடக்கப் பள்ளிக்கு இரண்டு ஆசிரியர்கள். தலையை எண்ணினால் நியாயமாகத் தெரியும். ஆனால் வகுப்புகள் ஐந்து. தலைமை ஆசிரியர் கூட்டத்துக்குப் போன அன்று ஐந்து வகுப்பும் இந்த டீச்சரிடம் வந்தன. வருகைப் பதிவைச் செயலியில் ஏற்ற வேண்டும், காலை உணவையும் கவனிக்க வேண்டும். அன்று விரலைப் பார்க்க யாருக்கும் நேரமில்லை. டீச்சரின் திறமையில் ஒரு குறையும் இல்லை, ஆள்தான் போதவில்லை. வகுப்புக்கு ஒருவர் வேண்டும் என்பதை இனி எங்கே போனாலும் சொல்வேன்.

பயிற்சிக்குப் போகப்போகும் தம்பி தங்கைகள் பதிவேட்டுக் கட்டங்களை நிரப்புங்கள், மதிப்பெண் அதற்குத்தான். கூடவே ஒரு வெள்ளைத்தாளைச் சேர்த்துக்கொண்டு, தினம் ஒரே ஒரு பிள்ளையைத் தேர்ந்தெடுத்து அது என்ன செய்தது, என்ன சொன்னது, கை எங்கே இருந்தது என்று எழுதுங்கள். நான் எழுதியவற்றைப் பதிவேட்டின் பின்னால் இணைத்தேன். வழிகாட்டி ஆசிரியர் முன்பக்கங்களைவிட அவற்றைப் பற்றித்தான் நிறையக் கேட்டார். இப்போது நான் பாடக்குறிப்பு எழுதும்போது முதலில் எழுதுவது, பிள்ளைகள் இந்தக் கணக்கை எப்படியெல்லாம் போட வாய்ப்பிருக்கிறது என்பதைத்தான்.