வார்த்தைகளை நிறுத்திவிட்டு செல்லோ ஒலிக்கும் காட்சி

இங்மார் பெர்க்மன் 1972-இல் எடுத்த 'க்ரைஸ் அண்ட் விஸ்பர்ஸ்' என்ற ஸ்வீடிஷ் படத்தைப் பார்த்தவர்கள் பெரும்பாலும் அதன் சிவப்பு அறைகளைப் பற்றியே பேசுவார்கள். ஸ்வென் நிக்விஸ்ட்டுக்கு ஒளிப்பதிவுக்கான ஆஸ்கார் கிடைத்த படம் என்பதால் அதில் வியப்பில்லை. ஆனால் எனக்கு அந்தப் படம் கண்ணைவிடக் காதில்தான் அதிகம் தங்கியிருக்கிறது.

கதை மிகச் சிறியது. ஒரு பழைய மாளிகையில் ஆக்னஸ் புற்றுநோயால் இறந்துகொண்டிருக்கிறாள். அவளைப் பார்த்துக்கொள்ள அவளுடைய அக்காள் காரினும் தங்கை மரியாவும் வந்திருக்கிறார்கள், பணிப்பெண் அன்னாவும் உடனிருக்கிறாள். படத்தின் தொடக்கத்தில் நமக்குக் கேட்பதெல்லாம் கடிகாரங்களின் ஓசை மட்டுமே. விடியற்காலையில் ஆக்னஸ் கண்விழிக்கிறாள், வலி முகத்தில் ஏறி இறங்குவதை கேமரா அசையாமல் பார்த்துக்கொண்டிருக்கிறது. பிறகு அவள் எழுந்து வந்து, திங்கட்கிழமை அதிகாலை என்றும் தனக்கு வலிக்கிறது என்றும் நாட்குறிப்பில் எழுதுகிறாள். மூச்சும், துணியின் சரசரப்பும், பெண்டுலத்தின் டிக் டிக்கும் தவிர அங்கே வேறு ஒலியில்லை. ஆக்னஸாக நடித்த ஹாரியட் ஆண்டர்சன் மூச்சுக்குத் திணறி அலறும் காட்சிகளிலும் அப்படித்தான். சாவு நெருங்கினால் வயலின்கள் கூட்டமாக எழும்பும் என்று பழகிப்போன காதுக்கு இது முதலில் கொடுமையாகத் தோன்றும். எந்த இடத்தில் அழ வேண்டும் என்று யாரும் நமக்குச் சொல்லித் தருவதில்லை; அந்த அலறலோடு நாம் தனியாக விடப்படுகிறோம்.

இத்தனை நேரம் இசையைப் பிடித்து வைத்திருந்ததன் பயன், ஆக்னஸ் இறந்த பிறகு அக்காள் தங்கை இருவரும் நெருங்கும் காட்சியில் தெரிகிறது. லிவ் உல்மன் நடித்த மரியா கைநீட்டி நெருங்க முயல்கிறாள். இங்க்ரிட் துலின் நடித்த காரினோ தொடாதே என்று கத்துகிறாள், வெறுப்பைக் கொட்டுகிறாள், பிறகு மனம் உடைந்து மன்னிப்புக் கேட்கிறாள். அதன்பின் இருவரும் ஒருவர் கன்னத்தை ஒருவர் தடவியபடி, வருடக்கணக்கில் பேசாததை எல்லாம் ஒரே மூச்சில் பேசித் தீர்ப்பவர்களைப் போலப் பேசத் தொடங்குகிறார்கள். உதடுகள் விடாமல் அசைகின்றன, ஆனால் பேச்சு நமக்குக் கேட்பதில்லை. அதற்குப் பதிலாக, ஜெர்மானிய இசையமைப்பாளர் பாக், வயலின் குடும்பத்துப் பெரிய கருவியான செல்லோவுக்கு எழுதிய ஐந்தாம் தொகுதியிலிருந்து சராபாண்ட் என்ற மெதுவான நடன இசைப் பகுதி ஒலிக்கிறது. வாசித்திருப்பவர் பியர் ஃபூர்னியே.

நான் அந்த இடத்தில் படத்தைப் பின்னோக்கி ஓட்டி, உதட்டசைவை வைத்து ஏதாவது புரிகிறதா என்று பார்த்தேன். ஸ்வீடிஷ் ஒரு சொல்லும் தெரியாதவன் செய்கிற வேலையா அது என்று பிறகு சிரிப்பு வந்தது. அவர்கள் என்ன பேசினார்கள் என்பது தெரிந்திருந்தால் அது ஒரு சமாதானக் காட்சியாக மட்டும் நின்றிருக்கும். சொற்களை இயக்குநர் எடுத்துவிட்டதால், இறந்தவளுக்கான துக்கமா, இவ்வளவு காலம் ஒருவரையொருவர் இழந்திருந்ததற்கான துக்கமா என்று பிரிக்க முடியாத ஒன்று அந்த ஒற்றை செல்லோவில் வந்து சேர்ந்துவிடுகிறது.

* * *

மேலே எழுதிய நண்பர் குறிப்பிட்ட அதே காட்சிதான் என்னை மேற்கத்திய செவ்வியல் இசையின் பக்கம் திருப்பியது. சில வருடங்கள் செல்லோ கற்றுக்கொண்டவன் என்ற முறையில் ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். பாக்கின் ஆறு செல்லோ தொகுதிகளிலும் சராபாண்ட் உண்டு. அவற்றில் ஐந்து சராபாண்டுகள் இரண்டு மூன்று ஸ்வரங்களைச் சேர்த்து ஒலிக்கவைத்து நிறைவு தருபவை. ஐந்தாம் தொகுதியின் சராபாண்டில் மட்டும் சேர்ந்தொலிக்கும் ஸ்வரங்களே கிடையாது. ஒரு ஸ்வரம், அதன் பின் இன்னொரு ஸ்வரம் என்று ஒற்றை வரியாகவே செல்கிறது. தாளத்தைப் பற்றிக்கொள்ளவும் அடியில் எதுவும் இல்லை. கேட்பவரின் மனம்தான் விடுபட்டதை நிரப்பிக்கொள்ள வேண்டும். வாசிப்பவனுக்கு விரலில் பெரிய சிரமம் எதுவும் இல்லாத பகுதி இது, ஆனால் வில்லை எங்கே அழுத்துவது, எங்கே விடுவது என்பதில் ஒளிந்துகொள்ள இடமே இருக்காது. என் ஆசிரியர் இதை மெதுவாக வாசிக்கச் சொல்வார், ஆனால் இழுத்து உருக்க முயன்றால் உடனே நிறுத்திவிடுவார்.

அதனால்தான் இந்தக் காட்சியை நான் சமாதானமாகக் கேட்பதில்லை. இரண்டு பேர் கட்டிக்கொண்டு பேசும்போது, துணையே இல்லாத ஒற்றைக் குரலை வைத்திருக்கிறார் பெர்க்மன். இறுதிச் சடங்குக்குப் பின் விடைபெறும்போது காரின் அந்த நெருக்கத்தை நினைவூட்ட, மரியா பட்டும் படாமலும் பேசிவிட்டு நழுவுகிறாள். இசை முன்பே அதை அறிந்திருந்தது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. இதே சராபாண்டை அவர் 2003-இல் எடுத்த தமது கடைசிப் படத்திலும் பயன்படுத்தினார். அந்தப் படத்தின் பெயரே 'சராபாண்ட்'.

* * *

இருவர் சொன்னதும் சரியே, ஆனால் இசையமைப்பாளர் சொப்பேனை விட்டுவிட்டீர்கள். காபி லாரெட்டெய் பியானோவில் வாசித்த அவருடைய ஏ மைனர் மசூர்க்கா, ஓபஸ் 17 என்ற தொகுப்பின் நான்காவது, இந்தப் படத்தின் மற்றோர் இசை. மசூர்க்கா போலந்து நாட்டு நடனம்; இந்த மசூர்க்காவிலோ ஆடுவதற்கான துள்ளல் அடங்கிப்போய், எந்தச் சுருதி என்று பிடிபடாத சில மெல்லிய ஸ்வரக்கூட்டுகளில் தொடங்கி, அதே தயக்கத்தில் மீண்டும் வந்து தேய்ந்துவிடுகிறது.

என் மாமியாரின் கடைசி மாதங்களில் நாத்தனார்களும் நானும் முறைவைத்துக் கண்விழித்தோம். யார் அதிகம் செய்தார்கள் என்ற மனக்கசப்பு அந்த வீட்டிலும் இருந்தது, எனவே காரினையும் மரியாவையும் வெறுக்க என்னால் முடியவில்லை. படத்தின் முடிவில், எல்லோரும் போன பிறகு அன்னா ஆக்னஸின் நாட்குறிப்பைத் திறக்கிறாள். வெள்ளை உடையில் சகோதரிகள் மூவரும் பூங்காவில் நடந்து, ஊஞ்சலில் அமர, அன்னா மெல்ல ஆட்டிவிடுகிறாள். தனக்கு வேண்டியவர்கள் அனைவரும் அருகில் இருக்கிறார்கள் என்று ஆக்னஸ் அதில் மகிழ்ந்து எழுதியிருக்கிறாள். அவள் எப்படிச் செத்தாள், தங்கை மரியா எப்படி அருவருத்து ஓடினாள் என்பதை எல்லாம் பார்த்த பிறகு நாம் அந்த மகிழ்ச்சியைக் கேட்கிறோம். அதை இறுதிக்கு வைத்ததில்தான் பெர்க்மன் என்னை அழவைத்தார், அலறலில் அல்ல. சராபாண்டுக்காக மட்டும் படத்தைத் திரும்பப் பார்ப்பவர்கள், அந்த ஊஞ்சல் காட்சி முடியும் வரை நிறுத்தாமல் பார்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.