அவசரம்: பேட்ச் ஷீட்டில் யுனிவர்ஸ் 90 என்று வருகிறது

மேடைப்பூனை
வணக்கம். மேடை விளக்குகளின் பேட்ச் ஷீட்டை (எந்த விளக்குக்கு எந்த அட்ரஸ் என்ற பட்டியல்) இம்போர்ட் செய்தால் அட்ரஸ் எல்லாம் தாறுமாறாக வருகிறது. என்னிடம் இருப்பதே மூன்று யுனிவர்ஸ்தான் (ஒவ்வொன்றும் 512 அட்ரஸ் கொண்ட ஒரு தொகுதி), ஆனால் யுனிவர்ஸ் 90 என்று காட்டுகிறது. சாஃப்ட்வேரை அழித்துப் புதிதாகப் போட்டும் பார்த்துவிட்டேன். நாளை காலை ரிக்கிங், விளக்குகளை மாட்ட வேண்டும். யாராவது சீக்கிரம் சொல்லுங்கள்.

பார்64
எந்த சாஃப்ட்வேர்? எதிலிருந்து எதற்கு இம்போர்ட்? விண்டோஸா, மேக்கா?

கேபிள்காரன்
சிக்னல் லைன் கடைசியில் 120 ஓம் டெர்மினேட்டர் (சிக்னல் திரும்பி வராமல் தடுக்கும் ரெசிஸ்டர்) போட்டிருக்கிறீர்களா? அது இல்லாவிட்டால் விளக்குகள் இஷ்டத்துக்கு மினுக்கலாம், ஆடலாம். பாதிப் பேர் இதைத்தான் மறக்கிறார்கள்.

மேடைப்பூனை
சார், விளக்கே இன்னும் பாரில் (விளக்கு மாட்டும் குழாயில்) ஏறவில்லை. லேப்டாப்பில்தான் பிரச்சினை.

டிம்மர்தாத்தா
"தாறுமாறாக" என்றால் யாருக்கு என்ன புரியும் தம்பி? கேள்வி கேட்கும்போது என்னென்ன சொல்ல வேண்டும் என்று இங்கே எழுதி எழுதிக் கை ஓய்ந்துவிட்டது. நாங்கள் ஸ்டென்சில் வைத்து பிளாட் (விளக்கு வரைபடம்) வரைந்த காலத்தில் யுனிவர்ஸ் 90 எல்லாம் வந்ததே இல்லை.

அம்பர்
என்கோடிங் பிரச்சினை, அதாவது ஃபைலில் எழுத்தைச் சேமிக்கும் முறை. பார்க்காமலேயே சொல்வேன். தமிழையும் தாங்கும் யுடிஎஃப்-8 ஆக சேவ் செய்தீர்களா?

பார்64
என்கோடிங் கெட்டால் எழுத்துதான் கெடும், எண் எப்படிக் கெடும்?

அம்பர்
எனக்குத் தெரிந்து இம்போர்ட் சிக்கலில் பத்துக்கு ஒன்பது என்கோடிங்தான்.

மேடைப்பூனை
மன்னிக்கவும், கிளம்பும் அவசரத்தில் எழுதினேன். விண்டோஸ். பிளாட் வெக்டர்வொர்க்ஸ் என்ற வரைபட சாஃப்ட்வேரில் இருக்கிறது. அதிலிருந்து பட்டியலை சிஎஸ்வியாக (காற்புள்ளியால் பிரித்த வெறும் டெக்ஸ்ட் ஃபைல்) எடுத்து டிசைனர் அக்காவுக்கு அனுப்பினேன். அவர் எக்செல்லில் திறந்து, எந்த விளக்கு எதற்கு என்று தமிழில் குறிப்பு எழுதித் திருப்பி அனுப்பினார். அதைத்தான் லைட்ரைட் என்ற விளக்குப் பட்டியல் சாஃப்ட்வேரில் ஏற்றுகிறேன். பெரிய அட்ரஸ் சரியாக வருகிறது: 2/101 (யுனிவர்ஸ் 2, அட்ரஸ் 101), 2/241 எல்லாம் அப்படியே இருக்கின்றன. சின்னவைதான் கெடுகின்றன. 2/1 வர வேண்டிய இடத்தில் 90/91, 2/11 இடத்தில் 90/395. எக்செல்லில் பார்த்தால் முதலாவது 02-ஜன என்று இருந்தது. சரி என்று அந்த நெடுவரிசையை டெக்ஸ்ட் ஆக்கினேன், 45659 என்று மாறியது. அப்படியே சேவ் செய்து ஏற்றினேன்.

டிம்மர்தாத்தா
இதை முதலிலேயே சொல்லியிருக்கலாம்.

நூல்கண்டு
பூனை, உங்கள் சாஃப்ட்வேரில் கோளாறு இல்லை. 2/1 என்பதை எக்செல் ஜனவரி 2 என்று படித்துவிட்டது. உள்ளே அது தேதியை எண்ணாகத்தான் வைத்திருக்கும், 1900 ஜனவரி 1 தான் 1. அந்தக் கணக்கில் 45659 என்பது 2025 ஜனவரி 2. நெடுவரிசையை டெக்ஸ்ட் ஆக்கியதும் அந்த எண் வெளியே வந்துவிட்டது.

இப்போது லைட்ரைட்டுக்குப் போகிறது 45659. சாய்கோடு இல்லாத எண்ணை அது தொடர் அட்ரஸ் என்று எடுத்துக்கொள்ளும், அதாவது 513 என்றால் 2/1. ஒரு யுனிவர்ஸுக்கு 512. 89 யுனிவர்ஸ் முடிந்தால் 45568. மீதி 91. ஆக 90/91. உங்கள் 2/11 நவம்பர் 2 ஆகியிருக்கும், அது 45963. மீதி 395. நீங்கள் சொன்ன இரண்டும் துல்லியமாகப் பொருந்துகின்றன.

மூன்று இலக்க அட்ரஸ் தப்பித்ததற்குக் காரணம், 101 என்று நாளும் கிடையாது, மாதமும் கிடையாது, எக்செல் ஏற்கும் ஆண்டும் கிடையாது. அதனால் தொடாமல் விட்டுவிட்டது.

ஒரு விஷயம் கவனியுங்கள். 3/1 இப்போது 90/92 ஆகியிருக்கும். வேறு யுனிவர்ஸில் இருக்க வேண்டிய இரண்டு விளக்குகள் அடுத்தடுத்த அட்ரஸில் உட்கார்ந்திருக்கும். அவை ஒவ்வொன்றும் 16 அட்ரஸ் எடுக்கும் மூவிங் ஹெட் (தானே திரும்பும் விளக்கு) என்றால் ஒன்றின் மேல் ஒன்று ஏறிவிடும். இந்த ஷீட்டை நம்பி நாளை ஒரு விளக்குக்கும் அட்ரஸ் போடாதீர்கள்.

மேடைப்பூனை
ஐயோ. சரி, இப்போது என்ன செய்வது? அக்கா எழுதிய குறிப்பெல்லாம் அந்த ஃபைலில்தான் இருக்கிறது.

நூல்கண்டு
அந்த ஃபைலில் அட்ரஸை மீட்க முயலாதீர்கள். 12 வரை உள்ளவற்றை நாள், மாதம் ஃபார்முலா போட்டுத் திருப்பிவிடலாம். அதற்கு மேல் உள்ளவை வேறு விதமாகக் கெட்டிருக்கும். வெக்டர்வொர்க்ஸிலிருந்து மறுபடி எடுங்கள். இந்த முறை டபுள் கிளிக் செய்து திறக்காதீர்கள். எக்செல்லில் டேட்டா மெனுவுக்குப் போய் சிஎஸ்வியை உள்ளே இழுங்கள், அட்ரஸ் நெடுவரிசையை முதலிலேயே டெக்ஸ்ட் என்று சொல்லிவிடுங்கள். பிறகு அக்காவின் குறிப்பு நெடுவரிசையை மட்டும் எடுத்து ஒட்டுங்கள். ஒட்டும் முன் வரிசை ஒழுங்கு இரண்டிலும் ஒன்றா என்று பார்க்கவும். அவர் சேனல்படி அடுக்கியிருந்தால் எல்லாம் இடம் மாறும்.

யூனிட் பெயர்களையும் பாருங்கள். முதல் எலெக்ட்ரிக்கின் (முதல் விளக்கு பாரின்) முதல் விளக்கை யாராவது 1ஈ1 என்று ஆங்கில எழுத்தில் எழுதியிருந்தால் எக்செல் அதை 1 × 10¹ என்று படித்து 10 ஆக்கியிருக்கும்.

பார்64
புதிய எக்செல்லில் இந்தத் தானியங்கி மாற்றத்தை நிறுத்த ஆப்ஷன் வந்திருக்கிறதே?

நூல்கண்டு
வந்திருக்கிறது. முன்னால் வரும் பூஜ்ஜியம், நடுவில் வரும் அந்த ஈ எழுத்து, எண்ணோடு ஒட்டிய மாதப் பெயர் போன்றவற்றுக்குத்தான். சாய்கோட்டுக்கு உதவாது. இந்தத் தொல்லை தாங்காமல் 2020இல் மனித மரபணுக்கள் சிலவற்றின் பெயரையே மாற்றினார்கள். அவற்றை எக்செல் செப்டம்பர், மார்ச் என்று படித்துக்கொண்டிருந்தது. நம் அட்ரஸ் எம்மாத்திரம்?

டிம்மர்தாத்தா
சாய்கோடே போடாமல் 513 என்று எழுதினால் இந்த வம்பே இல்லை. நான் என்றைக்கும் அப்படித்தான்.

பார்64
தாத்தா, மேலே நிற்கும் பையன் 1187ஐப் பார்த்து எந்த யுனிவர்ஸ் என்று மனக்கணக்கா போடுவான்? யுனிவர்ஸுக்கு ஒரு நெடுவரிசை, அட்ரஸுக்கு ஒன்று. அவ்வளவுதான்.

டிம்மர்தாத்தா
3/163. இதற்குக் கூடக் கணக்கு வராதவன் ஏணியில் ஏறக் கூடாது.

கேபிள்காரன்
அதெல்லாம் சரி, உங்கள் நோட் (நெட்வொர்க் சிக்னலை விளக்கு கேபிளுக்கு மாற்றும் பெட்டி) எந்த நெட்வொர்க் முறை, ஆர்ட்நெட்டா எஸ்ஏசிஎன்னா? ஆர்ட்நெட்டில் யுனிவர்ஸ் 0இல் தொடங்கும். ஷீட்டில் 2 என்றால் நோடில் 1 வைக்க வேண்டும்.

பார்64
எல்லா நோடிலும் அப்படி இல்லை. சில நோட் மெனுவில் 1 என்று காட்டிவிட்டு உள்ளே 0 அனுப்பும். எஸ்ஏசிஎன்னில் 1தான் தொடக்கம், அங்கே குழப்பம் இல்லை.

கேபிள்காரன்
நான் பார்த்த நோட் எல்லாம் 0தான்.

டிம்மர்தாத்தா
1986இல் விளக்குகளைக் கட்டுப்படுத்தும் டிஎம்எக்ஸ் முறை வந்தபோது ஒரே கேபிள், ஒரே யுனிவர்ஸ். 0ஆ 1ஆ என்று எவனும் சண்டை போடவில்லை.

பார்64
2க்கு எண்ணும் தேவை வந்திருக்காது, அதனால்.

அம்பர்
இன்னும் சொல்கிறேன், என்கோடிங்கையும் பாருங்கள்.

மேடைப்பூனை
சரியாகிவிட்டது. மறுபடி எடுத்து, டெக்ஸ்ட் ஆக உள்ளே இழுத்தேன், அட்ரஸ் எல்லாம் ஒழுங்காக வந்துவிட்டது. நூல்கண்டு அண்ணா, ரொம்ப நன்றி. அம்பர், நீங்கள் சொன்னதும் நடந்தது: தமிழ்க் குறிப்பெல்லாம் கேள்விக்குறியாக இருந்தது, யுடிஎஃப்-8 சிஎஸ்வி என்று தேர்ந்தெடுத்து சேவ் செய்ததும் தெரிகிறது. தூங்கப் போகிறேன்.

அம்பர்
நான் சொன்னேனா இல்லையா?

ஜெல்_201
எனக்கும் இதே மாதிரிதான், ஆனால் மேக். சேனல் எல்லாம் ஒன்று தள்ளி வருகிறது. என்ன செய்யலாம்?

டிம்மர்தாத்தா
புது இழை தொடங்கவும். எந்த சாஃப்ட்வேர், எந்த வெர்ஷன் என்று எழுதவும்.