பழைய பிக்கப்: ஊசி எங்கே நின்றால் நார்மல், மைலேஜ் எவ்வளவு வந்தால் நார்மல்?

பல்லடம், தேங்காய் லோடு:

செகண்ட் ஹேண்டில் பிக்கப் வாங்குபவர்கள் டயர், சேசிஸ், எஃப்சி தேதி எல்லாம் பார்க்கிறார்கள். டெம்பரேச்சர் ஊசியைப் பத்து நிமிடம் ஓட்டிப் பார்ப்பவர்கள் குறைவு. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நான் வாங்கியது 2.5 லிட்டர் டர்போ டீசல் வண்டி. "எவ்வளவு தூரம் ஓட்டினாலும் சூடே ஆகாதுங்க" என்று விற்றவர் பெருமையாகச் சொன்னார். ஊசி கால் பங்கைத் தாண்டவே இல்லை, பைபாஸில் எதிர்காற்று அடித்தால் இன்னும் கீழே இறங்கியது. காலியாகப் போனாலே லிட்டருக்கு 10 கிலோமீட்டர்தான். காலையில் வெகுநேரம் வெள்ளைப் புகை வேறு. எனக்கு அந்த ஊசி மேல்தான் சந்தேகம்.

தெரிந்த மெக்கானிக்கிடம் விட்டேன். ரேடியேட்டரின் மேல் ஹோஸ் எஞ்சினில் வந்து சேரும் இடத்தில் இரண்டு போல்ட்டைக் கழற்றி மூடியைத் தூக்கினார். உள்ளே தெர்மோஸ்டாட் வால்வே இல்லை, வெறும் கேஸ்கெட் மட்டும். எப்போதோ வண்டி ஹீட் ஆகியிருக்கிறது, காரணத்தைத் தேடாமல் வால்வைக் கழற்றி எறிந்திருக்கிறார்கள். நம் பக்கத்துப் பட்டறைகளில் இது சர்வ சாதாரணமாக நடக்கிறது.

புது வால்வின் விளிம்பில் 82 என்று அடித்திருந்தது. மாட்டுவதற்கு முன்னால் அதைக் கம்பியில் கட்டி, ஒரு பாத்திரத் தண்ணீரில் தொங்கவிட்டு அடுப்பில் வைத்தார். ஆவி பறக்கிற வரைக்கும் அசைவே இல்லை. கொதி வருவதற்கு முன், அடியில் சின்னக் குமிழ்கள் கிளம்பும் நேரத்தில், நடுவில் இருக்கும் தட்டு மெல்ல நகர்ந்து வழிவிட்டது. இறக்கி வைத்துக் கொஞ்ச நேரத்தில் தானாக மூடிக்கொண்டது. 82 டிகிரி வரும்வரை தண்ணீரை ரேடியேட்டர் பக்கம் விடாமல் பிடித்து வைப்பதுதான் அதன் வேலை. அது இல்லாத எஞ்சின் நாள் முழுக்கக் குளிரிலேயே ஓடும். டீசல் சரியாக எரியாது, எரியாதது சிலிண்டர் சுவரில் வழிந்து ஆயிலோடு கலக்கும், தேய்மானம் கூடும்.

இப்போது ஊசி பாதிக்குச் சற்றுக் கீழே வந்து அங்கேயே நிற்கிறது. காலி வண்டி 13 தருகிறது, லோடு ஏற்றினால் 11. ஊசி ரொம்பக் கீழே நிற்பதும் ஒரு கோளாறுதான் என்று எல்லாருக்கும் தெரிய வேண்டும். மற்றவர்கள் வண்டியில் எப்படி?

ஒட்டன்சத்திரம், காய்கறி லோடு:

அண்ணே, நாங்கள் மலை ஏறுகிறவர்கள், எங்கள் அனுபவம் வேறு. வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவு. முழு லோடோடு இரண்டாவது கியரில் ஏறும்போது ஊசி பாதியைத் தாண்டி மேலே போகத்தான் செய்யும். ஃபேன் 'ஹோ'வென்று இரைச்சல் போடும். புதிதாக வண்டி வாங்கிய தம்பிகள் இதைக் கேட்டுப் பயந்து ஓரம் கட்டிவிடுகிறார்கள். பயப்பட வேண்டாம். சமதளம் கிடைத்ததும் சில நிமிடங்களில் ஊசி தன் இடத்துக்கு இறங்கிவிட்டால் அது ஆரோக்கியமான வண்டி. இறங்காமல் அங்கேயே நின்றாலோ, சமவெளி ரோட்டிலேயே பாதிக்கு மேல் போனாலோதான் பார்க்க வேண்டும். பெரும்பாலும் ரேடியேட்டர் வெளியே சேறும் வைக்கோல் தூசியும் அடைத்திருக்கும், இல்லாவிட்டால் உள்ளே உப்பு படிந்திருக்கும். போர் தண்ணீரை ஊற்றி ஊற்றியே எத்தனை ரேடியேட்டர் போயிருக்கிறது! கூலன்ட்டுக்குக் கொடுக்கும் காசு வீண் இல்லை.

இன்னொன்று முக்கியமாகச் சொல்ல வேண்டும். உடுமலை தாண்டிப் போகும்போது ஒருமுறை ஊசி கொஞ்சம் மேலே ஏறியது, அப்புறம் சட்டென்று அடிமட்டத்துக்கு விழுந்தது. கூடவே கேபினுக்குள் ஒரு இனிப்பு வாடை. உடனே நிறுத்தி எஞ்சினை ஆஃப் செய்தேன். கீழ் ஹோஸ் கிளிப் விட்டு, கூலன்ட் முழுக்க ரோட்டில் போயிருந்தது. சென்சார் தண்ணீரில் மூழ்கியிருந்தால்தான் சரியான சூட்டைக் காட்டும். தண்ணீரே இல்லாவிட்டால் வெறும் காற்றில் நின்று 'கூல்' என்று காட்டும். அதை நம்பி இன்னும் நாலைந்து கிலோமீட்டர் ஓட்டியிருந்தால் எஞ்சின் ஹெட் (சிலிண்டர்களின் மேல்மூடி) வளைந்திருக்கும். ஓடும்போது ஊசி திடீரென்று விழுந்தால் யாரும் நிம்மதி அடைய வேண்டாம், வண்டியை நிறுத்துங்கள். மூடியை மட்டும் சூட்டோடு திறக்காதீர்கள். உள்ளே அழுத்தம் இருப்பதால் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்காது, 120 வரைக்கும் தாங்கும். திறந்த மறு நொடி முகத்தில் அடிக்கும்.

நாமக்கல், ஆட்டோ எலக்ட்ரீஷியன்:

இரண்டு பேர் சொன்னதும் சரி. ஆனால் என் கடைக்கு ஹீட் என்று வரும் பழைய வண்டிகளில் பலவற்றில் எஞ்சின் நன்றாகத்தான் இருக்கும், ஊசிதான் பொய் சொல்லும். முதலில் ஹெட்லைட்டைப் போட்டுப் பாருங்கள். லைட் போட்டதும் டெம்பரேச்சர் ஊசி நகர்ந்தால் மீட்டர் போர்டுக்கு எர்த் சரியில்லை. டெம்பரேச்சர், டீசல் இரண்டு ஊசியும் சேர்ந்து ஏறி இறங்கினாலும் அதே கதைதான், எர்த் அல்லது மீட்டருக்குப் போகும் சப்ளை. எஞ்சின் சூடானால் டீசல் முள் ஏன் ஏற வேண்டும்?

ஒற்றை வயர் சென்சார் உள்ள பழைய மாடல்களில் எளிய சோதனை உண்டு. சாவியை ஆன் செய்து சென்சார் வயரைக் கழற்றினால் ஊசி கீழே விழ வேண்டும், அந்த வயரை ஒரு கணம் எஞ்சின் பாடியில் தொட்டால் மேலே ஏற வேண்டும். இரண்டும் நடந்தால் மீட்டரும் வயரிங்கும் சரி, சென்சாரைப் பாருங்கள். ஈசிஎம் (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்) வழியாகப் போகும் புது வண்டிகளில் இதைச் செய்யாதீர்கள், ஸ்கேனர் போட்டால் டிகிரியே தெரியும்.

பேட்டரி விஷயமும் இதோடு சொல்லிவிடுகிறேன். நின்ற வண்டியில் 12.6 வோல்ட், ஓடும்போது 13.8 முதல் 14.4 வரை இருந்தால் கவலை வேண்டாம். ஓடும்போதே 13-க்குக் கீழே என்றால் எஞ்சினை ஆஃப் செய்துவிட்டு டைனமோ பெல்ட்டைத் தொட்டுப் பாருங்கள், 15-ஐத் தாண்டினால் ரெகுலேட்டர்.

செங்கல்பட்டு, வாட்டர் கேன் சப்ளை:

மைலேஜ் பற்றி நான் சொல்கிறேன். எங்கள் வண்டி ஊருக்குள் நின்று நின்று போகும் வண்டி, லிட்டருக்கு 9 கொடுத்துக்கொண்டிருந்தது. அது 7-க்கு இறங்கியதும் என் அண்ணன் சொன்ன முதல் வார்த்தை, "டிரைவர் டீசலை உருவுறான்." எங்களிடம் நெடுநாளாக வேலை பார்க்கும் மனிதர். அளந்து பார்க்காமல் ஒருவர் மேல் பழி போட எனக்கு மனம் வரவில்லை.

நானே கூடப் போய் டேங்க் ஃபுல் போட்டேன். நாசில் தானாக முதல்முறை கட் ஆனதும் நிறுத்தச் சொன்னேன், அதற்கு மேல் விட்டால் நுரையை நம்பி ஏமாறுவோம். சாவியை என்னிடம் வாங்கி வைத்து, ரன்னில் நானும் உட்கார்ந்து, அதே பங்க், அதே நாசிலில் மறுபடி ஃபுல் போட்டுக் கிலோமீட்டரை லிட்டரால் வகுத்தேன். அப்போதும் 7தான். டீசல் எங்கேயும் போகவில்லை என்று அங்கேயே தெரிந்துவிட்டது. திரும்பி வந்ததும் நான்கு வீல் டிரம்மிலும் கையைக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தோம். பின் வலது பக்கம் மட்டும் நெருங்கவே முடியாத அனல். வீல் சிலிண்டர் பிடித்துக்கொண்டு பிரேக் விடாமல் உரசியபடியே ஓடியிருக்கிறது. அதை மாற்றியதும் பழைய 9 வந்துவிட்டது. டிரைவரிடம் அண்ணன் நேரில் பேசிச் சரிசெய்துகொண்டார்.

டீசல் முள்ளைப் பார்த்து மைலேஜ் கணக்குப் போடாதீர்கள் என்பது என் வேண்டுகோள். எங்கள் வண்டியில் முதல் பாதி மெதுவாகவும் அடுத்த பாதி மளமளவென்றும் இறங்கும், டேங்க்கின் வடிவமும் மிதவையும் அப்படி. வேறு சைஸ் டயர் போட்டிருந்தால் கிலோமீட்டர் கணக்கே மாறும், போன் ஜிபிஎஸ்ஸோடு ஒரு பத்து கிலோமீட்டர் ஒத்துப் பாருங்கள்.

பல்லடம், தேங்காய் லோடு:

அக்கா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். 60-ல் போவதற்கும் 80-ல் போவதற்கும் காற்றுத் தடை கிட்டத்தட்ட ஒன்றே முக்கால் மடங்கு. மேலே உயரமாக அடுக்கித் தார்ப்பாய் படபடவென்று அடித்தால் இன்னும் மோசம், நன்றாக இழுத்துக் கட்டினாலே வித்தியாசம் தெரிகிறது. நாமக்கல் அண்ணே, ஆயில் லைட் பற்றியும் சொல்லுங்கள். என் வண்டியில் ஆயிலுக்கு ஊசி இல்லை, லைட் மட்டும்தான்.

நாமக்கல், ஆட்டோ எலக்ட்ரீஷியன்:

அந்த லைட்டை லேசாக எடுக்காதீர்கள் அண்ணே. ஆயில் பிரஷர் அநேகமாக அரை பாருக்கு (பார் என்பது அழுத்தத்தின் அலகு) கீழே போன பிறகுதான் அது எரியும், அதாவது பேரிங்குக்கு ஆயில் போகவில்லை என்ற நிலை. ஓடும்போது எரிந்தால் பட்டறை வரை ஓட்டிப் போகலாம் என்று நினைக்கக் கூடாது, அங்கேயே ஆஃப். சூடான பிறகு ஐடிலில் (ஆக்சிலரேட்டர் மிதிக்காமல் எஞ்சின் ஓடும்போது) மட்டும் மினுக்கினால் ஆயில் அளவைப் பாருங்கள், தனி பிரஷர் கேஜ் மாட்டி அளக்கச் சொல்லுங்கள்.

வண்டி வாங்கப் போகிறவர்கள் ஸ்டார்ட் செய்யும் முன் சாவியை ஆன் மட்டும் செய்து பாருங்கள். ஆயில் லைட்டும் சார்ஜ் லைட்டும் எரிந்தே ஆக வேண்டும், ஸ்டார்ட் ஆனதும் அணைய வேண்டும். ஆன் செய்தும் ஆயில் லைட் எரியவில்லை என்றால் பல்பு போயிருக்கலாம், வேண்டுமென்றே கழற்றியும் இருக்கலாம். மீட்டர் போர்டைத் திறந்து பார்க்கும்வரை அட்வான்ஸ் கொடுக்க வேண்டாம்.