போர்ஷன் சைஸ், சர்விங் சைஸ்: இரண்டுக்கும் தனித்தனிச் சொல் வேண்டும் (வெள்ளிக்கிழமைக்குள்)

ம., மதுரை

கலைச்சொல் குழுவினருக்கு வணக்கம்.

நீரிழிவு உள்ளவர்களுக்காக ஒரு கையேடு தயாரிக்கிறோம். ஓட்டலில் சாப்பிடும்போது எவ்வளவு சாப்பிட்டோம், அதில் எத்தனை கலோரி என்று கணிப்பது எப்படி என்பதுதான் பொருள். வெள்ளிக்கிழமை அச்சகத்துக்குப் போக வேண்டும். வரைவை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். இரண்டு சொற்களில் மாட்டிக்கொண்டு நிற்கிறேன்.

சர்விங் சைஸ் என்பது பொட்டலத்திலோ மெனு அட்டையிலோ அச்சிட்டிருக்கும் அளவு. அங்கே போட்டிருக்கும் கலோரிக் கணக்கு அந்த அளவுக்கு மட்டும்தான் பொருந்தும். போர்ஷன் சைஸ் என்பது நம் முன்னால் உண்மையில் வந்து விழுவது. உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் மத்திய உரிமம் பெற்ற உணவகங்களும், 10 அல்லது அதற்கு மேற்பட்ட இடங்களில் கிளை வைத்திருப்பவையும் மெனுவில் ஒவ்வொரு பண்டத்துக்கும் கிலோகலோரியையும் சர்விங் அளவையும் போட வேண்டும் என்ற விதி 2022 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. ஆனால் எங்களிடம் வருபவர்கள் பெரும்பாலும் சாப்பிடுவது தெருமுனை மெஸ்ஸில். அங்கே அட்டையும் இல்லை, கணக்கும் இல்லை. பெரிய ஓட்டல் அட்டையில் பார்த்த எண்ணை மனதில் வைத்துக்கொண்டு மெஸ்ஸில் சாப்பிடுகிறார்கள்.

"ஒரு பொங்கல்தாம்மா சாப்பிட்டேன்" என்பார்கள். அந்த 'ஒரு' எவ்வளவு? மேலே ஊற்றிய நெய் எத்தனை ஸ்பூன்? ஒரு டீஸ்பூன் நெய்யே 40 கலோரியைத் தாண்டும். பொங்கலுக்குள்ளே போன நெய் கண்ணுக்கே தெரியாது. இரண்டையும் 'பரிமாறும் அளவு' என்று ஒன்றாக்கிவிட்டால் நான் சொல்ல வந்த விஷயமே காணாமல் போய்விடும். முதல் வரைவில் இயந்திர மொழிபெயர்ப்பு 'பகுதி அளவு' என்று கொடுத்தது. படித்துப் பார்த்த செவிலியர், உடம்பில் எந்தப் பகுதி என்று கேட்டார்.

உதவுங்கள்.

தி., திருநெல்வேலி

அம்மா, நல்ல கேள்வி. சர்விங் சைஸுக்குப் 'பரிமாறளவு' என்று யாராவது சொல்வார்கள். அதற்கு முன் ஒரு எச்சரிக்கை.

பரிமாறளவு என்பது சுடுசோறு, ஊறுகாய் போல வினைத்தொகை. 'காலங் கரந்த பெயரெச்சம் வினைத்தொகை' என்பது நன்னூல். பரிமாறிய அளவு, பரிமாறுகின்ற அளவு, பரிமாறும் அளவு என்று மூன்றாகவும் விரியும். உங்கள் சிக்கலே அந்தக் காலத்தில்தான் இருக்கிறது. அட்டை சொல்வது பரிமாற வேண்டிய அளவு. இலையில் கிடப்பது பரிமாறிய அளவு. காலத்தை மறைக்கும் தொகைச்சொல்லைப் போட்டால், நீங்கள் பிரித்துக் காட்ட நினைப்பதை இலக்கணமே ஒன்றாக்கிவிடும். கலைச்சொல்லுக்கு வினைத்தொகை அழகுதான், இந்த இடத்தில் மட்டும் ஆகாது.

க., கோவை

ஐயா சொல்வது சரி. ஆனால் 'பரிமாறியவளவு' என்று புணர்த்தி எழுதினால் நோயாளி படிப்பாரா? நான் கைப்பேசிச் செயலிகளைத் தமிழாக்குகிறவன். பொத்தானில் எட்டு எழுத்துக்கு மேல் போனால் வெட்டுப்படும். 'போர்ஷன்' என்றே விட்டால் என்ன? பஸ், டிக்கெட் வரிசையில் அதுவும் வந்துவிட்டது. 'வாடகைக்கு ஒரு போர்ஷன்' என்று வீட்டுக்கும் சொல்கிறோமே.

செ., தஞ்சாவூர்

வீட்டுக்குச் சொல்வதால்தான் சோற்றுக்கு ஆகாது, தம்பி. மாடிப் போர்ஷனும் பொங்கல் போர்ஷனும் ஒன்றா?

சந்தையில் கத்தரிக்காயைக் குவித்து வைத்து 'ஒரு கூறு' என்று விற்கிறார்கள். ஆடு அடித்தால் கறியைக் கூறு போடுகிறார்கள். எடை போடாமல், கண்ணால் பார்த்து, ஒருவருக்கு இவ்வளவு என்று பிரித்து வைப்பதுதான் கூறு. போர்ஷனுக்கு இதைவிடப் பொருத்தமான சொல் எந்த மொழியிலும் கிடைக்காது. கூறு, கூற்றளவு. எடுத்துக்கொள்ளுங்கள்.

'பரிமாறு' வேண்டாம். அந்தப் 'பரி' வடமொழி முன்னொட்டு என்ற ஐயம் எனக்கு இருக்கிறது. கலோரியையும் விட்டுவிடக் கூடாது. வள்ளுவர் கொடுத்திருக்கிறார்: 'தீயளவு அன்றித் தெரியான் பெரிதுண்ணின் நோயளவு இன்றிப் படும்.' தீயளவு! லத்தீனில் வெப்பம் என்ற பொருளிலிருந்து கலோரி வந்தது. நம்மிடம் தீ இருக்கிறது, அளவும் இருக்கிறது, இரண்டையும் சேர்த்த சொல்லும் மருந்து அதிகாரத்தில் இருக்கிறது. இதைக் கையில் வைத்துக்கொண்டு கலோரி என்று எழுதுவது எனக்கு வலிக்கிறது.

தி., திருநெல்வேலி

'பரி' பற்றி. பரிவு, பரிதல் எல்லாம் தமிழ். கலத்திலிருந்து இலைக்கு மாறுவதால் மாறு. பரிவோடு மாற்றுவது பரிமாறுதல் என்று நான் கொள்கிறேன். உண்கலத்தைப் பரிகலம் என்கிறோம். இதிலும் அந்தப் பரிதான் இருக்கிறது என்பது என் எண்ணம். வைணவ வழக்கில் பரிமாற்றம் என்றால்…

ம., மதுரை

ஐயா, மன்னிக்க வேண்டும். இன்று புதன்கிழமை.

தீயளவு கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் குறளில் வரும் தீ வயிற்றுத் தீ. ஒருவருடைய செரிக்கும் திறனின் அளவு. கலோரி உணவுக்குள் இருப்பது. உணவை மூடிய கலத்தில் எரித்து, சுற்றியிருக்கும் தண்ணீர் எவ்வளவு சூடாகிறது என்று பார்த்துக் கண்டுபிடித்த கணக்கிலிருந்து வந்தது. மாவுச்சத்தும் புரதமும் கிராமுக்கு 4, கொழுப்பு கிராமுக்கு 9. யார் சாப்பிட்டாலும் இதே எண். 'இந்தத் தோசையில் தீயளவு எவ்வளவு' என்றால் குறளின் பொருளே தலைகீழாகிறது. கலோரியை என் நோயாளிகள் ஏற்கெனவே சொல்கிறார்கள். அதை மாற்றினால் நான் கற்றுக்கொடுக்க வேண்டியது இரட்டிப்பாகும்.

செ., தஞ்சாவூர்

ஏற்கிறேன், பாதி. மெனு அட்டையின் அடியில் ஒரு வரி வருமே: சராசரியாக உழைக்கும் பெரியவர் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 2000 கிலோகலோரி தேவை, ஆளுக்கு ஆள் மாறலாம் என்று. அந்த 'ஆளுக்கு ஆள் மாறும்' தேவைதான் வள்ளுவரின் தீயளவு. அதற்காவது வையுங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்த நாட்டின் ஊட்டச்சத்து ஆராய்ச்சி வேரூன்றியது நம் குன்னூரில். 1918-ல் மருத்துவர் மெக்கரிசன் பெரிபெரி என்ற சத்துக்குறைவு நோயை ஆராயத் தொடங்கிய சிறு ஆய்வுக்கூடம்தான் வளர்ந்து 1958-ல் ஹைதராபாத்துக்குப் போய் இன்றைய தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக இருக்கிறது. தமிழ்நாட்டு மலையில் வளர்ந்த துறைக்குத் தமிழில் சொல் இல்லை என்று 2020களிலும் உட்கார்ந்திருக்கிறோம்.

வ., கும்பகோணம்

நான் இலக்கணம் படித்தவன் அல்ல. எங்கள் குடும்பம் ஓட்டல் நடத்துகிறது. கடைப் பலகையை யாரும் பார்க்கவில்லையே என்று எழுதுகிறேன்.

'அளவுச் சாப்பாடு', 'முழுச் சாப்பாடு' என்று பலகையில் எழுதுவது எத்தனை காலமாக நடக்கிறது! லிமிட்டெட் மீல்ஸ் என்பதற்கு யார் குழு கூட்டிச் சொல் செய்தார்கள்? அளவு என்றாலே ஓட்டலில் 'இவ்வளவுதான் வரும்' என்று அர்த்தம். ஆகையால் எதைச் செய்தாலும் அளவில் முடியுங்கள், மக்களுக்குப் புரியும். கூறு வேண்டாம். சாப்பாட்டு மேசையில் கூறு என்றால் கறிக்கடை நினைவுதான் வரும்.

எங்கள் சப்ளையர்கள் சொல்வது செட், ஆஃப், கப், கரண்டி. பூரி ஒரு செட், இடியாப்பம் ஒரு செட், சாம்பார் சாதம் ஒரு ஆஃப். ஒவ்வொரு கடைக்கும் செட் வேறு.

அம்மா கேட்ட பொங்கலைப் பற்றி. நாங்கள் கிண்ணத்தில் எடுத்து இலையில் கவிழ்ப்போம். காலை ஆறு மணிக்கு அண்டா திறக்கும்போது பொங்கல் இளகி இருக்கும், கிண்ணத்தில் தானாக நிரம்பும். ஒன்பது மணிக்கு இறுகிவிடும். அப்போது கரண்டியின் பின்பக்கத்தால் அழுத்தி நிரப்புவார்கள். கிண்ணம் ஒன்றுதான், எடை வேறு. அழுத்துகிற ஆள் மாறினாலும் எடை மாறும். வழக்கமாக வருபவர் என்றால் மேலே ஒரு கரண்டி கூட விழும். அதற்குக் காசு கிடையாது, கணக்கும் கிடையாது. ரோஸ்ட் போடும்போது மாஸ்டர் ஓரத்தைச் சுற்றி விடும் எண்ணெயும் இப்படித்தான், அளந்து விடுவதில்லை.

ம., மதுரை

வ. அண்ணா, நீங்கள் எழுதியதை அப்படியே கையேட்டில் ஒரு பெட்டிச் செய்தியாகப் போட அனுமதி வேண்டும். ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் 120 கலோரி. வெந்த வெள்ளைச் சோறு 100 கிராம் சுமார் 130 கலோரி. ஆக, ரோஸ்ட் ஓரத்தில் விட்ட எண்ணெய் கிட்டத்தட்ட ஒரு கரண்டிச் சோற்றுக்குச் சமம். சோற்றைக் குறைத்துக்கொண்டு ரோஸ்ட் கேட்பவர்களுக்கு இதைத்தான் சொல்லிப் பார்க்கிறேன்.

ந., யாழ்ப்பாணம்

எல்லாருக்கும் வணக்கம். வரைவில் 'ஒரு கோப்பை சோறு' என்று ஒரு இடத்தில் இருக்கிறது. எங்கள் பக்கம் சோறு போட்டுச் சாப்பிடுகிற தட்டைத்தான் கோப்பை என்கிறோம். கப் என்ற கருத்தில் நீங்கள் எழுதினால், இங்கே வாசிக்கிறவர் ஒரு தட்டு நிறையப் போட்டுவிட்டு அளவாகச் சாப்பிட்டேன் என்று நினைப்பார். நீரிழிவுக்காரருக்கு இது சின்னப் பிழை இல்லை. கோப்பையை எடுத்துவிடுங்கோ.

கையால் அளக்கிற பக்கத்தில் 'ஒரு பிடி' என்பதும் சரியில்லை. பிடி என்றால் கைக்குள்ளே அள்ளுகிறது. நீங்கள் சொல்ல வருவது மூடிய கையின் வெளிப் பருமன். அது பிடியைவிடக் கூட.

க., கோவை

பிடி பற்றிய திருத்தம் முக்கியமானது. 'முட்டி' என்று போடலாமா என்று பார்த்தேன். பேச்சில் முட்டி என்றால் முழங்கால். 'மூடிய கையளவு' என்று விளக்கமாகவே எழுதி, பக்கத்தில் படம் போடுங்கள்.

வ. அண்ணன் சொன்ன 'அளவில் முடியுங்கள்' என்பதை எடுத்துக்கொண்டால், போர்ஷனுக்கு 'இலையளவு' அல்லது 'தட்டளவு'. இலையில் அல்லது தட்டில் உண்மையில் இருப்பது. குழப்பம் இல்லை, பொத்தானிலும் அடங்கும். இவ்வளவு நேரம் போர்ஷனையே பிடித்துக்கொண்டிருந்தேன், அதை விட்டுவிடுகிறேன்.

தி., திருநெல்வேலி

தட்டளவு! மகிழ்ச்சி. இதற்குத் தொல்காப்பியரின் ஒப்புதலும் உண்டு.

'அளவிற்கும் நிறையிற்கும் மொழிமுதலாகி உளவெனப் பட்ட ஒன்பதிற்று எழுத்தே' என்பது தொகைமரபு. க, ச, த, ப, ந, ம, வ, அ, உ ஆகிய ஒன்பதுதான் அளவுப்பெயருக்கும் நிறைப்பெயருக்கும் முதலாக வரும். கலம், சாடி, தூதை, பானை, நாழி, மண்டை, வட்டி, அகல், உழக்கு என்று உரைகாரர் அடுக்குவார். இந்த உரைகல்லில் தேய்த்துப் பாருங்கள். தட்டளவு தேறுகிறது. கூறு தேறுகிறது. இலையளவு தேறாது. இட்லிக்கு வீட்டில் 'ஒரு ஈடு' என்கிறோமே, அதுவும் தேறாது. கலோரி தேறுகிறது, செ. அவர்களே. கிராமும் மீட்டரும் தேறும், லிட்டர் தேறாது. தட்டு என்றால் தராசுத் தட்டும்தான், ஆகவே நிறுப்பது என்ற பொருளும் உள்ளே இருக்கிறது. அதிலிருந்து தட்டுப்பாடு…

க., கோவை

ஐயா, தொல்காப்பியர் அன்று வழக்கில் இருந்த பெயர்களைப் பார்த்துச் சொன்னார். இனி வரப்போகிற பெயர்களுக்கு விதித்த தடையாக அதை எடுக்க வேண்டுமா? ஓட்டல் என்றாலே முதலில் இலைதானே? இலையளவைத் தள்ளுவதற்கு இது போதுமான காரணம் என்று எனக்குத் தோன்றவில்லை.

ந., யாழ்ப்பாணம்

காரணம் வேறு இருக்கிறது. இலையளவு என்றால் இலையினுடைய அளவு என்றுதான் முதலில் விளங்கும். பெரிய இலையா, சின்ன இலையா என்று. தட்டளவிலும் அந்தச் சிக்கல் கொஞ்சம் உண்டு. ஆனால் இங்கேயும் அங்கேயும் விளங்குகிற சொல் அதுதான்.

ம., மதுரை

வியாழன் இரவு. இதோடு முடிக்கிறேன், எல்லாருக்கும் நன்றி.

போர்ஷன் சைஸ்: தட்டளவு. சர்விங் சைஸ்: பரிமாறளவு. தி. ஐயாவின் மறுப்பு நியாயமானது. ஆனால் தட்டளவு பக்கத்திலேயே நிற்பதால், பரிமாறளவு என்றால் அட்டையில் குறித்தது என்று முதல் பக்கத்திலேயே வரையறுத்துவிட்டேன். கலோரி கலோரியாகவே இருக்கும். கிலோகலோரியைத்தான் பேச்சில் கலோரி என்கிறோம் என்று ஒரு வரி சேர்த்திருக்கிறேன். தராசு இல்லாமல் பார்த்துக் கணிப்பதற்கு, வரைவில் இருந்தபடியே, கண்ணளவு. இதை யாரும் எதிர்க்கவில்லை. ஒரு நாள் தேவைக்குத் தீயளவு என்று செ. ஐயா சொன்னதை உடன்பணியாற்றும் மருத்துவர்கள் ஏற்கவில்லை. 'நாள் தேவை' என்று போட்டிருக்கிறோம், குறளை அந்தப் பக்கத்தின் தலைப்பில் வைத்திருக்கிறேன்.

செ., தஞ்சாவூர்

குறளைத் தலைப்பில் ஏற்றிவிட்டுச் சொல்லை வெளியே நிறுத்திவிட்டீர்கள். என் கருத்தில் மாற்றமில்லை. போர்ஷனுக்குக் கூறுதான். என் கட்டுரைகளில் அப்படியே எழுதுவேன்.

தி., திருநெல்வேலி

வரையறுத்தாலும் வினைத்தொகை வினைத்தொகைதான். பரிமாறளவுக்கு என் பெயரைச் சேர்க்க வேண்டாம். தட்டளவுக்கு மட்டும் சேர்த்துக்கொள்ளலாம்.

ந., யாழ்ப்பாணம்

பிந்திவிட்டேனோ தெரியவில்லை. சர்விங் சைஸுக்கு 'அட்டையளவு' சரிவராதா? அட்டையில் இருப்பது அட்டையளவு, தட்டில் இருப்பது தட்டளவு. இரண்டையும் சேர்த்துச் சொன்னால் வாயில் நிற்கும், ஐயாவின் வினைத்தொகைப் பிரச்சினையும் இல்லை. அகரத்தில் தொடங்குகிறபடியால் ஒன்பது எழுத்துக்குள்ளும் வருகிறது.

ம., மதுரை

கோப்பு காலையிலேயே போய்விட்டது. பொட்டலத்தில் அச்சிட்டதையும் அட்டையளவு என்று சொல்ல முடியுமா என்றுதான் யோசிக்கிறேன். பிஸ்கட் உறையை யாரும் அட்டை என்பதில்லையே.

ந., யாழ்ப்பாணம்

மருந்துக்கடையில் மாத்திரை அட்டை என்கிறோமே. நான் இங்கே வகுப்பில் அட்டையளவு என்றே சொல்லிப் பார்க்கிறேன். பிள்ளைகள் என்ன சொல்கிறார்கள் என்று எழுதுகிறேன்.